கொட்டகைக்குப் பின்னால் அவரை

என் மனைவி ஒரு மாதத்துக்குத்தான் போனாள். அவளுடைய அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அக்காவுக்குப் பட்டணத்தில் தையல் கடை. ஊசியில் நூல் கோக்கக்கூட ஆளில்லை என்று அழுதாளாம். "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இருந்துட்டு வந்துடறேங்க" என்று சொல்லி இவள் கிளம்பினாள். கட்டுப் பிரித்து ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகிவிட்டது. அக்காவின் கை இப்போது என் கையைவிட நன்றாக வேலை செய்கிறது என்று கேள்வி. இவள்தான் வந்தபாடில்லை.

குடையைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு மாதத்துக்குள் மழை வராது என்று கணக்குப் போட்டாள். அது கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினோரு மாடும் நானும் இருக்கிறோம். காலை ஆறு மணிக்குப் பால் வண்டி வரும். அதை ஓட்டுகிறவன்தான் நான் தினமும் பார்க்கும் ஒரே மனிதன். "என்னண்ணே, சௌக்கியமா?" என்பான். நான் வாயைத் திறப்பதற்குள் கியர் மாற்றியிருப்பான். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை மாட்டோடுதான் பேச்சு. நான் என்ன சொன்னாலும் மாடு கேட்கும், குறுக்கே பேசாது. குறுக்கே பேசுகிற ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

சமையலறை அலமாரியில் இரண்டு டம்ளர்கள். ஒன்றில் நான் குடிக்கிறேன். மற்றதில் தூசி படிகிறதே என்று வாரத்துக்கு ஒரு முறை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். யாரும் குடிக்காத டம்ளரைக் கழுவுகிற வேலையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அவள் கிளம்பிய அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே பத்தடிக்கு இருபதடி இடம். கொட்டகை கட்டியபோது சிமென்ட் கலந்தது அங்கேதான், டிராக்டர் நின்றதும் அங்கேதான். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் டங்கென்று திரும்பி வரும். அவள் மூன்று தடவை அங்கே அவரை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் விதைக்குக்கூடத் தேறவில்லை. "இந்தக் கட்டாந்தரையில ஒரு அவரைக்கொடி ஏறட்டும், அன்னிக்கே ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு விளையாட்டு அவ்வளவாக வராது.

பஸ் போனதும் திரும்பி வந்து அந்த இடத்தை அளந்து நான்கு மூலையிலும் முளை அடித்தேன்.

சாணியை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினால் மண் தேறிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் சாணியைப் படத்தில் பார்த்தவர்கள். பச்சைச் சாணி வேரைச் சுட்டுவிடும். மாடு தின்று மிச்சம் வைத்த புல், மூத்திரத்தில் ஊறிய வைக்கோல், சாணி, சருகு என்று மாற்றி மாற்றி இடுப்பு உயரத்துக்கு அடுக்கவேண்டும். நாலாம் நாள் குவியலின் நடுவில் கடப்பாரையைக் குத்திப் பத்து நிமிஷம் விட்டு உருவினால், அந்த இரும்பைக் கையால் பிடிக்க முடியக்கூடாது. களை விதையும் புழுவும் சாவது அந்தச் சூட்டில்தான். சூடு இறங்கியதும் உள்ளே இருப்பதை வெளியே, வெளியே இருப்பதை உள்ளே என்று புரட்டிப் போடவேண்டும். மறுபடி சூடேறும். நான்கு தடவை புரட்டி ஆறு மாதம் விட்டால் சாணி வாசம் போய் மண் வாசம் வந்துவிடும். அப்படிப் பக்குவமான எருவைத்தான் அந்தக் கட்டாந்தரையில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே வைக்கோல் மூடி, தண்ணீர் தெளித்து வந்தேன். மறுபடி அடுத்த குவியல், மறுபடி பரப்பல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஃபோன் போடுவேன். இன்று கடப்பாரை எவ்வளவு சுட்டது, எத்தனை மண்புழு கண்ணில் பட்டது என்று சொல்வேன். அவள் பள்ளிக்கூடச் சீருடை நூற்று இருபது தைக்க வேண்டியிருக்கிறது என்பாள். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். "வேற என்னங்க?" என்பாள். "வேற ஒண்ணும் இல்ல" என்பேன். வேறு இருந்தது. அதைச் சொல்லும் பழக்கம்தான் என்னிடம் இல்லை.

முதல் வருஷத்துக் கோடையில் மழை பொய்த்து என் புல் கருகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு லாரி புல்கட்டு வாங்கினேன். என் தலையில் யாரும் லேசில் மிளகாய் அரைத்துவிட முடியாது. லாரியை நிறுத்தி வைத்து நாலு கட்டைப் பிரித்து உதறினேன், பூஞ்சை இருக்கிறதா என்று முகர்ந்தேன், ஒரு கற்றையை வாயில் போட்டு மென்றுகூடப் பார்த்தேன். ஒரு களை இல்லை, ஒரு முள் இல்லை. எண்ணெய் வைத்து வாரிய தலை மாதிரி முழுக்க முழுக்கப் புல். அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அரை மணி நேரம் அந்தப் புல்லின் பெருமையைத்தான் பேசினேன். "அப்படியா" என்றாள்.

இரண்டாம் வருஷம் அந்த இடத்தில் கடப்பாரை தன் எடையாலேயே ஒரு சாண் இறங்கியது. ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கினால் உருண்டையாக நிற்கும், கட்டை விரலால் தட்டினால் உதிரும். நல்ல மண்ணுக்கு அதுதான் அடையாளம். அங்கங்கே புல் தானாக முளைத்துத் தளதளவென்று நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புல்லைப் பிடுங்கிவிட்டு அவரை விதை போட்டேன். அந்த வாரமே அவளும் ஃபோனில், "அடுத்த மாசம் நாலு நாள் வரேங்க. பேசணும்" என்றாள்.

பேசணும் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நிரந்தரமாக வருகிறவள் பேசணும் என்று சொல்லிவிட்டு வரமாட்டாள். அவள் பேசுவதற்கு முன்னால் கொடி ஏறிவிட வேண்டும். என் வாழ்க்கையே அந்தக் கொடியில் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டு தினமும் நான்கு தடவை போய்ப் பார்த்தேன்.

விதை இலை இரண்டும் நன்றாகத்தான் விரிந்தன. அடுத்து வந்த இலை விரியவில்லை. ஓரம் உள்பக்கமாக மடங்கி, குழந்தை கையை மூடிக்கொள்வதுபோல் சுருண்டது. அடுத்த இலையும் அப்படியே. தண்டு கோணிக்கொண்டு தரையைப் பார்த்தது. பூச்சி என்று வேப்பெண்ணெய் தெளித்தேன். தண்ணீர் அதிகம் என்று நிறுத்தினேன். தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன். ஒரு நாள் செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்டபடி திட்டினேன். அதற்கும் சுருட்டைதான்.

அவள் வர பத்து நாள் இருக்கும்போது ஒரு பசுவின் குளம்பு வீங்கியது என்று மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயசுதான் டாக்டருக்கு இருக்கும், பேச்சில் மாமியார். குளம்பைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் வந்தவள் அவரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"புல்லு வெளியில வாங்கினீங்களா?"

"முதல் தரம். ஒரு களை கிடையாது" என்றேன்.

"அதைப் பாத்ததுமே சந்தேகப்பட்டிருக்கணும் நீங்க" என்றாள். "புல்லுக்கு ஒண்ணும் ஆகாம அகல இலைச் செடிய மட்டும் சாகடிக்கிற களைக்கொல்லி இருக்கு. அந்த வயல்ல அதை அடிச்சிருக்காங்க. புல்லைத் தின்ன மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. மருந்து அப்படியே சாணியில வந்துடும். சாணியிலிருந்து எருவுக்கு, எருவிலிருந்து உங்க அவரைக்கு."

"நான் நாலு தடவை புரட்டினேன். கடப்பாரையைத் தொட முடியாத சூடு."

"நாப்பது தடவை புரட்டினாலும் இதேதான். குவியல் சூட்டுக்கெல்லாம் அது சீக்கிரம் மசியாது. மண்ணோட கலந்து, மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு தீர்க்கணும். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம். அதுவரைக்கும் புல்லு வளரட்டும். ஆனா அந்தப் புல்லை மாட்டுக்குப் போடாதீங்க, மறுபடி சாணியில வரும். வெட்டி அங்கேயே போட்டு மண்ணைக் கிளறி விடுங்க. நடுநடுவுல மூணு அவரை விதை போட்டுப் பாருங்க. இலை நிமிர்ந்து வந்தா மண்ணு சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம். இதுக்கு அதைவிட நல்ல டெஸ்ட் கிடையாது."

டாக்டர் போன பிறகும் அங்கேயே நின்றேன். இரண்டு வருஷமாக விஷத்தைப் பக்குவமாக அடுக்கி, ஈரம் பார்த்து, சூடு பார்த்து, போர்வை போர்த்தி வளர்த்திருக்கிறேன். அதுவும் மென்று பார்த்து வாங்கிய விஷம். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன். பால் வண்டியில் தொற்றிக்கொண்டு டவுனுக்குப் போய் நாற்றுப் பண்ணையில் ஆறு அவரைச் செடி வாங்கினேன். முழங்கால் உயரம், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வேரோடு, இரண்டில் பூகூட இருந்தது. பையைக் கிழித்து நட்டால் வேர் என் மண்ணைத் தொட்டுச் சுருண்டுகொள்ளும் என்பதால் பையோடேயே குழி தோண்டிப் புதைத்தேன். விளிம்பை மண்ணால் மூடி, வைக்கோல் பரப்பி, குச்சி நட்டுக் கொடியைச் சுற்றிவிட்டேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று அன்று முழுவதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கழுத்தில் இன்ச் டேப்பை மறந்துபோய்ப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி புதிது. கொஞ்சம் நிறம்கூட வந்திருந்தது. நலமா என்றுகூடக் கேட்காமல் நான் அவளை நேராகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு கொடியையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள். அன்று அவள் டம்ளரில் அவள் குடித்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பால் வண்டியை அனுப்பிவிட்டு வந்தால் அவள் அவரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஆறு கறுப்புப் பைகள், செடியோடு, வரிசையாக.

"கொடியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டலாம்னு மண்ணை ஒதுக்கினேன்" என்றாள். "கறுப்பா ஏதோ வந்துச்சு." அதற்குமேல் சொல்ல முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, இன்ச் டேப்பால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் களைக்கொல்லிக் கதையை முழுதும் சொன்னேன். மென்று பார்த்ததைச் சொன்னபோது அவளுக்கு மூச்சே திணறியது. பிறகு சிரிப்பு நின்றது.

"நான் எதுக்கு வந்தேன் தெரியுமா?"

"தெரியும். சொல்லாத."

"சொல்லித்தானே ஆகணும். எனக்கு அங்க பிடிச்சிருக்குங்க. காலையில எழுந்தா என் கையில சாணி வாசம் இல்ல. நான் தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டுப் பிள்ளைங்க கடை வழியா ஓடுது. நீங்க மாட்டை வித்துட்டு அங்க வந்துடுங்களேன்."

"அங்க வந்து நான் என்ன பண்ண? பட்டன் தைக்கவா?"

"தெரியும், வரமாட்டீங்க." அவள் ஒரு பையை எடுத்து ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "ஒண்ணு கேக்கறேன். ரெண்டு வருஷமா வாராவாரம் ஃபோன் பண்றீங்க. கடப்பாரை சுட்டுது, மண்புழு வந்துச்சு, புல்லு வந்துச்சு. ஒரு நாளாவது வான்னு சொன்னீங்களா? நீங்க கூப்பிடலைன்னா, இந்தச் செடியா என்னைக் கூப்பிடும்?"

அப்போதே வா என்று சொல்லியிருக்கலாம். அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அறுபத்திரண்டு வயதில் ஒருவன் இவ்வளவு கோழையாக இருக்க முடியும் என்று எனக்கே தெரியாது.

நாலாம் நாள் பஸ் ஏறும்போது ஒரு சின்னத் துணிப்பையைக் கையில் கொடுத்தாள். தைத்து மிஞ்சிய சீருடைத் துணியில் தைத்த பை. உள்ளே பதினைந்து அவரை விதை. "டாக்டர் சொன்ன மாதிரி ரெண்டு மாசத்துக்கு மூணு போடுங்க. நிமிர்ந்து வந்தா ஃபோட்டோ அனுப்புங்க" என்றாள்.

"அனுப்பினா வருவியா?"

"அனுப்புங்க. பாக்கறேன்."

குடையை இந்தத் தடவையும் மறந்துவிட்டாள். மறந்தாளா, விட்டுப்போனாளா என்று ஒரு மாதம் யோசித்தேன்.

முதல் மூன்று விதையும் முளைத்து முஷ்டியை மூடிக்கொண்டன. படம் எடுத்து அனுப்பினேன். "ம்" என்று பதில் வந்தது. புல்லை வெட்டி வெட்டி அங்கேயே போட்டேன், கடப்பாரையால் மண்ணை நெம்பிக் காற்று விட்டேன். புது எருவை வேறு குவியலாக, என் சொந்தப் புல்லைத் தின்ற மாட்டின் சாணியில் மட்டும் போட்டேன். இரண்டாவது மூன்று விதையும் சுருட்டை. மூன்றாவதில் முதல் இலை நிமிர்ந்து, அடுத்தது மடங்கியது. நான்காவதில் ஓரம் மட்டும் லேசாக வளைந்திருந்தது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பினேன். வேறு இடத்து மண்ணில் ஒரு விதையைப் போட்டு நிமிர்ந்த இலையைப் படம் பிடித்து அனுப்புவது எனக்கு ஒரு வேலையே இல்லை. கை அரிக்கத்தான் செய்தது. செய்யவில்லை. ஒரு தடவை பையைப் புதைத்த புண்ணியம் போதும்.

கடைசி மூன்று விதையில் இரண்டு முளைக்கவேயில்லை. மூன்றாவது முளைத்தது. ஒரு இலை, இரண்டு இலை, நான்கு இலை. நான்கும் உள்ளங்கையை விரித்த மாதிரி நிமிர்ந்து நின்றன.

மூன்று நாள் நான் படம் அனுப்பவில்லை. இலை சுருண்டிருந்த வரைக்கும் அவள் வராததற்குக் காரணம் இலை. இப்போது இலை நிமிர்ந்துவிட்டது. இனி அவள் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் நான்தான். காலையில் எழுந்ததும் அந்தச் செடி மறுபடி சுருண்டிருக்காதா என்றுகூடப் போய்ப் பார்த்தேன். அது இன்னும் ஒரு இலை விட்டிருந்தது.

நாலாம் நாள் உச்சி வெயிலில், ஆனது ஆகட்டும் என்று படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"பையில வச்சதா?"

நியாயமான கேள்விதான். கேள்வி கேட்கும்படி நடந்துகொண்டவன் நான். என்ன எழுதினாலும் நம்பமாட்டாள் என்று தோன்றியது. செடியின் அடியில் இரண்டு கையையும் விட்டேன். எத்தனையோ தடவை கடப்பாரையைத் திருப்பி அனுப்பிய மண் விரலுக்கே வழி விட்டது. செடி ஒரு பிடி மண்ணோடு வெளியே வந்தது. வேரில் மண் தேறியதற்கு அடையாளமாக வெள்ளை வெள்ளையாக முடிச்சுகள், மண்ணிலிருந்து பாதி நீட்டிக்கொண்டு ஒரு மண்புழு. அதை உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் இருந்த ஒரே செடியையும் பிடுங்கிவிட்டேன் என்பது புரிந்தது. விதைப்பையும் காலி.

ஒரு கையில் செடியோடு, இன்னொரு கையின் கட்டை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி எழுதினேன்.

"பை இல்ல. மண்ணுதான். நீ வா. அவரைக்காக இல்ல. எனக்குத் தனியா முடியல."

அனுப்பிவிட்டேன். பதில் வர வெகு நேரம் ஆனது. அல்லது எனக்கு அப்படி இருந்தது.

"முதல்ல அதைத் திரும்ப நடுங்க. வெயில்ல விடாதீங்க."

அவ்வளவுதான். வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எடுத்த குழியிலேயே செடியை இறக்கி, மண்ணை மெதுவாக அணைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அது அதற்குள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த அவள் குடையை எடுத்து வந்தேன். விரித்ததும் மூன்று வருஷத்துத் தூசி முகத்தில் கொட்டியது. செடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கை கடுத்தது, மாற்றிப் பிடித்தேன். ஃபோன் அதற்குப் பிறகு ஒலிக்கவில்லை. அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டுவிட்டேன், அதைத் திருப்பி எடுக்க முடியாது. வெயில் சாய்ந்தபோது மேலே இருந்த இலை ஒன்று கொஞ்சம் எழுந்திருந்தது, அல்லது எழுந்ததாக எனக்குத் தோன்றியது. கொட்டகையில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் குடையின் காம்பை அதோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கறக்கப் போனேன்.